இசையாசிரியன் அமைதி: அன்றும் இன்றும்

இசைக் கல்லூரிகளும் சபாக்களும் வெளியிடும் ஆண்டு மலர்களில் 'எங்கள் ஆசிரியர்கள்' என்று ஒரு பகுதி தவறாமல் இருக்கும். பாஸ்போர்ட் அளவில் ஒரு படம், அதன் கீழே எட்டு வரி அல்லது பத்து வரி. பிறந்த ஊர், குடும்பம், முதல் குரு, அடுத்த குரு, பெற்ற பட்டம், வானொலித் தரம், கச்சேரி செய்த ஊர்கள், வெளிநாட்டுப் பயணம், விருதுகள். அத்தோடு முடிந்தது. முப்பது வருஷமாக இப்படிப்பட்ட மலர்களைச் சேர்த்து வைத்துப் படித்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஓர் ஆசிரியரைப் பற்றிய குறிப்பில் அவர் யாருக்குக் கற்பித்தார், என்ன கற்பித்தார், எப்படிக் கற்பித்தார் என்ற மூன்று செய்தியும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். பாத்திரக் கடைக்காரன் ஒருவனைப் பற்றி எழுதுகிறவர், அவன் எந்த ஊர், அப்பா யார், கடைத் திறப்புக்கு எந்த மந்திரி வந்தார் என்றெல்லாம் எழுதிவிட்டு, அவன் என்ன பாத்திரம் விற்றான் என்பதை மட்டும் விட்டுவிட்ட மாதிரி இருக்கிறது.

இது அச்சுப் பிழை போன்ற சின்ன விஷயம் இல்லை. ஒரு சமூகம் தன் ஆசிரியர்களை எந்தப் படிக்கல்லால் நிறுக்கிறது என்பதற்கு அந்த எட்டு வரிதான் சாட்சி. அதே படிக்கல்லை வைத்துத்தான் நாமும் நம் பிள்ளைகளுக்குப் பாட்டு வாத்தியார் தேடுகிறோம். ஆகவே அந்தக் குறிப்புகளை ஓர் இலக்கிய வகையாகவே எடுத்துக்கொண்டு விமரிசனம் செய்வது தகும் என்று நினைக்கிறேன். நான் வித்வான் இல்லை. கேள்வி ஞானமும் படிக்கிற ஆசையும் உள்ள ஒரு வியாபாரி. தராசு பிடித்துப் பழகியவன் என்பது மட்டும்தான் எனக்குள்ள தகுதி.

அடிகள் தந்த ஆசிரியர் பட்டியல்

தமிழில் இசையாசிரியர்களின் தகுதியை விரிவாகச் சொல்லும் பழைய இடம் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை. 1892இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்துத் தந்த பிறகு, அடியார்க்குநல்லார் உரையோடு இன்று நாம் படிக்க முடிகிறது. ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் மாதவி அரங்கேறுகிறாள். அவளைப் பற்றிப் பேசும் முன், அவளுக்குப் பின்னால் நின்றவர்களை அடிகள் ஒவ்வொருவராக அறிமுகம் செய்கிறார்: ஆடலாசிரியன், இசையாசிரியன், பாட்டு எழுதிக் கொடுக்கும் நன்னூற் புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன். மொத்தம் ஆறு பேர். இன்றைய இசைக் கல்லூரி ஒன்றின் துறைகளைச் சொல்லுங்கள் என்றால் ஏறக்குறைய இதே ஆறுதான் வரும். உரை நூல்களில் இந்தப் பகுதிகளுக்கு 'ஆடலாசிரியன் அமைதி', 'இசையாசிரியன் அமைதி' என்று தலைப்பு இருக்கும். அமைதி என்றால் இங்கே மௌனம் இல்லை. அமைந்திருக்க வேண்டிய இலக்கணம், தகுதி.

அடிகள் எங்கள் சமயத்தவர் என்று சொந்தம் கொண்டாட இதை எடுக்கவில்லை. அந்தப் பட்டியலில் இல்லாதவை எவை என்று பாருங்கள், அதற்காகத்தான் எடுத்தேன். ஆறு பேரில் ஒருவருக்கும் பெயர் இல்லை. ஊர் இல்லை. யாருடைய மகன், யாருடைய மாணவன் என்ற செய்தி இல்லை. எந்த அரசன் என்ன பரிசு கொடுத்தான் என்பதும் இல்லை. தலைக்கோலிப் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் மாணவிக்குத்தான் போகின்றன. ஆசிரியர்களைப் பற்றி அடிகள் சொல்வதெல்லாம் அவர்களுக்கு என்ன தெரியும், அதை எப்படிக் கையாள்வார்கள் என்பதுதான்.

அடுத்து, அந்தத் தகுதிகளின் தன்மையைக் கவனிக்க வேண்டும். இசையாசிரியனுக்குத் தன் மிடறு மட்டும் தெரிந்தால் போதாது. யாழும் குழலும் தாளமும் தண்ணுமையும் ஆடலும் தெரிந்து, அவற்றோடு பொருந்தப் பாட்டை அமைக்க வேண்டும். நாட்டு மொழிகளின் ஓசை தெரிய வேண்டும். பாட்டு எழுதிய கவியின் உட்கருத்தும் தெரிய வேண்டும். புலவனுக்கு இசையோன் போகிற போக்கு தெரிய வேண்டும். குழலோன், பாடுகிறவன் பாடியதை வாங்கி வளர்க்கத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். தண்ணுமைக்காரன், மற்ற கருவிகளில் குறை நேர்ந்தால் நிரப்பவும் மிகை நேர்ந்தால் அடக்கவும் கை உள்ளவன். சுருக்கமாகச் சொன்னால், ஒவ்வொருவருடைய தகுதியும் பக்கத்தில் இருப்பவர் வேலையை அறிவதில் இருக்கிறது. 'நான் பெரியவன்' என்பதற்கு அங்கே இடமே வைக்கவில்லை.

இன்னொரு சொல்லையும் பார்க்க வேண்டும். இசையாசிரியன் மாணவிக்குச் சொல்லித் தருவதை அடிகள் 'கொளுத்துதல்' என்கிறார். கொள்ளும்படி செய்தல் என்று பொருள். இன்று அந்தச் சொல்லை நாம் தீ வைப்பதற்கு மட்டுமே வைத்துக்கொண்டோம். பழைய சொல்லில் கணக்கு சரியாக இருக்கிறது பாருங்கள்: ஆசிரியர் எவ்வளவு கொடுத்தார் என்பது வரவு ஆகாது, மாணவர் எவ்வளவு கொண்டார் என்பதுதான் வரவு.

நால்வகை ஆகாத ஆசிரியர்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் இதை இன்னும் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். நல்லாசிரியனுக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் என்று நான்கு உவமை. ஆகாத ஆசிரியனுக்கும் நான்கு. கழற்குடம்: கழற்சிக்காய் போட்ட குடம்; போட்ட வரிசையில் வெளியே வராது, எது முந்துகிறதோ அது விழும். மடற்பனை: கருக்கு இருப்பதால் யாரும் ஏறிப் பறிக்க முடியாது; தானாக விழுந்தால்தான் பழம். பருத்திக் குண்டிகை: பஞ்சு அடைத்த குடுக்கை, திணிப்பதும் கஷ்டம், எடுப்பதும் கஷ்டம். முடத்தெங்கு: ஒருவன் தண்ணீர் ஊற்ற, பக்கத்து வீட்டில் காய் போடும் வளைந்த தென்னை.

இசை உலகில் பழகியவர்களுக்கு இந்த நான்கு பேரையும் தெரியும். நான் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை. என் கேள்வி வேறு. மலர்களில் வரும் எட்டு வரிக் குறிப்பைப் படித்து, ஒருவர் மலையா மடற்பனையா என்று கண்டுபிடிக்க முடியுமா? முடியவே முடியாது. பெரிய குரு, பெரிய பட்டம், பெரிய விருது எல்லாம் மடற்பனைக்கும் இருக்கலாமே.

முதல் தலைமுறை எங்கிருந்து வந்தது?

நம் இசைக் கல்லூரிகளின் தொடக்கத்தைப் பார்த்தால் இந்தப் படிக்கல் எப்போது மாறியது என்று புரியும். சென்னை ராணி மேரிக் கல்லூரியில் 1928இல் இசை ஆசிரியராகப் பொறுப்பேற்றவர் பி. சாம்பமூர்த்தி. சட்டம் படித்தவர், ஜெர்மனிக்கும் போய் இசையியல் பயின்று வந்தவர். 1929இல் சிதம்பரத்தில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் இசைக் கல்லூரியை நிறுவினார். 1939இல் திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் பெயரில் இசைக் கழகம் வந்தது. 1949இல் சென்னையில் மத்திய கருநாடக இசைக் கல்லூரி வந்தது.

இவற்றில் பாடம் சொல்ல வந்தவர்கள் யார்? சிதம்பரத்துக்கு வந்த சபேசய்யர், மகா வைத்தியநாதய்யரிடம் குருகுலமாகக் கற்றவர். டைகர் வரதாச்சாரியார், பட்டணம் சுப்பிரமணிய அய்யரின் மாணவர். பொன்னையா பிள்ளை, தஞ்சை நால்வர் வழி வந்தவர். நட்டுவ மரபும் இசை மரபும் வீட்டுச் சொத்தாக வாய்க்கப்பெற்றவர். சங்கீத கலாநிதிகள் வரிசையைப் பார்த்தால் 1932, 1933, 1934 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கும் உரிய பெயர்கள் இந்த மூவருடையவை: முறையே டைகர், பொன்னையா பிள்ளை, சபேசய்யர். பின்னால் அதே சிதம்பரத்துக்கு எம்.எம். தண்டபாணி தேசிகர் வந்தார். ஓதுவார் மரபில் தேவாரம் பாடி வளர்ந்தவர். 1942இல் வந்த 'நந்தனார்' படத்தில் நடித்துப் பாடி நாடறிந்தவர். திருவனந்தபுரத்துக்கு முதல் தலைவராக வந்தவர் அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அவருக்குப் பின் செம்மங்குடி சீனிவாச அய்யர் 1963 வரை இருந்தார். 1964இல் ஜி.என். பாலசுப்பிரமணியம் வந்தார். சென்னையில் 1949 முதல் 1965 வரை முசிறி சுப்பிரமணிய அய்யர்.

இந்தப் பெயர்களைக் கூட்டிப் பார்த்தால் மூன்று வகைப் பின்னணி தெரிகிறது. குருகுலத்தில் கற்ற கச்சேரி வித்வான்கள் ஒரு வகை. இசை வேளாளர், ஓதுவார் போன்ற பரம்பரைக் குடும்பத்தார் இரண்டாம் வகை. ஆங்கிலக் கல்லூரி வழியே வந்தவர்கள் மூன்றாம் வகை: சாம்பமூர்த்தி சட்டம் படித்தவர்; ஜி.என்.பி. ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. ஆனர்ஸ். முதல் இரண்டு வகையாரிடம் இசைக்கென்று ஒரு பட்டயச் சான்றிதழ் இருந்திருக்கவே முடியாது; அப்படி ஒன்று அதுவரை பரவலாக இல்லை. முத்தையா பாகவதருக்குத் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது 1943இல். முதலில் ஆசிரியர், பட்டம் பிறகுதான் வந்தது.

அதாவது, சான்றிதழ் இல்லாதவர்கள் உட்கார்ந்து பாடத்திட்டம் போட்டார்கள். அதைப் படித்தவர்களுக்கு 'சங்கீத பூஷணம்' போன்ற பட்டங்கள் வந்தன. அந்தப் பட்டம் நாளடைவில் ஆசிரியர் வேலைக்கு நிபந்தனை ஆயிற்று. ஏணியைச் செய்தவர்கள் இன்று திரும்பி வந்தால் அந்த ஏணியிலேயே அவர்களால் ஏற முடியாது. சபேசய்யர் இன்று விண்ணப்பம் போட்டால் குமாஸ்தா மேஜையைத் தாண்டாது. இது யார் செய்த சதியும் இல்லை. ஆனால் இதன் விலையை எல்லாரும் ஒரே அளவில் கொடுக்கவில்லை என்பதை மறைக்கக் கூடாது. பள்ளிக்கூடப் படிப்பு எளிதில் கிடைத்த குடும்பத்துப் பிள்ளைகள் பட்டத்தோடு வந்தார்கள். தலைமுறை தலைமுறையாக நாகசுரமும் தவிலும் தேவாரமும் வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகள் பலர், கையில் வித்தை இருந்தும் காகிதம் இல்லாமல் வெளியே நின்றார்கள்.

கல்லூரி செய்த நன்மை

இதைச் சொன்னதும் சிலர், "பார்த்தீங்களா, குருகுலம்தான் உயர்ந்தது, கல்லூரி வந்து சங்கீதத்தையே கெடுத்துடுச்சு" என்று கிளம்புவார்கள். அந்தக் கட்சியில் நான் இல்லை.

குருகுலத்துக்குள் யார் நுழைய முடிந்தது என்று முதலில் கேட்க வேண்டும். குருவின் வீட்டில் வருஷக்கணக்கில் தங்க முடிந்தவர், அந்த வீட்டில் ஏற்றுக்கொள்ளப்பட்ட சாதி, பெரும்பாலும் ஆண் பிள்ளை. கல்லூரிதான் கட்டணம் கட்டிய யாரையும் உள்ளே விட்டது. பெண்கள் ஆசிரியராகச் சம்பளத்தோடும் மரியாதையோடும் உட்கார வழி செய்ததும் அதுதான். வீணை தனம்மாளின் பேத்தி டி. பிருந்தா மத்திய கருநாடக இசைக் கல்லூரியிலும், அமெரிக்காவில் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். அந்த வீட்டுப் பதங்களையும் ஜாவளிகளையும் கேட்க ஒரு காலத்தில் தனம்மாள் வீட்டு வாசலுக்குத்தான் போக வேண்டும்.

இன்னொன்று வரிசை. பவணந்தியாரின் கழற்குடம் நினைவிருக்கட்டும். எப்போது எது வரும் என்று தெரியாமல் குருவின் மனநிலைக்குக் காத்திருந்த நிலையை மாற்றி, முதல் வருஷம் இது, இரண்டாம் வருஷம் இது என்று அடுக்கியது கல்லூரி. சாம்பமூர்த்தியின் பாட நூல்கள் அந்த வேலையைச் செய்தன. அவற்றை ஏட்டுச் சுரைக்காய் என்று கேலி செய்கிறவர்கள், தங்கள் பிள்ளைக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும்போது அதே வரிசையைத்தான் பிடிக்கிறார்கள்.

வடக்கே நடந்ததும் இதுதான். நாம் பிழைக்க வந்த இந்த பம்பாயில் விஷ்ணு திகம்பர் பலுஸ்கர், 1901இல் லாகூரில் தொடங்கிய காந்தர்வ மகாவித்யாலயத்தை 1908இல் கொண்டுவந்து நடத்தினார். மாணவர்களைப் பாடகராக்குவது மட்டும் அவர் நோக்கம் இல்லை. ஊர் ஊராகப் போய்ப் பள்ளி நடத்தக்கூடிய ஆசிரியர்களைத் தயார் செய்வதும் நோக்கம். அவர் மாணவர் தேவதர் 1925இல் இங்கே தொடங்கிய பள்ளியில்தான் சிறுவன் குமார் கந்தர்வன் வந்து கற்றான். வக்கீல் தொழில் பார்த்த பாத்கண்டே 1926இல் லக்னோவில் மாரிஸ் கல்லூரி உருவாகக் காரணமானார். அதை நீண்ட காலம் நடத்தியவர் ரத்தன்ஜன்கர். எல்லாம் பொதுமக்கள் பிள்ளைகளுக்காக.

'வக்கத்தவன் வாத்தியார்'

"வக்கத்தவன் வாத்தியார் வேலைக்கு, போக்கத்தவன் போலீஸ் வேலைக்கு" என்று நம் ஊரில் ஒரு பேச்சு. சங்கீதத்தில் இது இன்னும் கடுமை. மேடையில் தேறாதவர்தான் கல்லூரிக்குப் போவார் என்பது பலர் மனசில் உள்ள கணக்கு. அதனால்தான் அறிமுகக் குறிப்பு எழுதுகிறவர்களும் வாத்தியார் வேலையை மறைத்துவிட்டு, கச்சேரிப் பட்டியலை முன்னால் தள்ளுகிறார்கள். ஏதோ கௌரவம் காப்பாற்றுவது போல. மூன்று பேரை வைத்து இந்தக் கணக்கைச் சரிபார்க்கலாம்.

முதலாமவர் எம்.டி. இராமநாதன். பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் பௌதிகம் படித்த பி.எஸ்ஸி. டைகர் வரதாச்சாரியார் 1944இல் கலாக்ஷேத்திரத்துக்கு வந்தபோது அவரிடம் மாணவராகச் சேர்ந்தார். பிறகு அங்கேயே ஆசிரியர், பேராசிரியர். அவசரம் இல்லாத அந்த விளம்ப காலப் பாட்டு மேடையில் எல்லாருக்கும் பிடிக்கவில்லை. சங்கீத கலாநிதி அவருக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை. 1984இல் மறைந்தார். இன்று அவர் ஒலிப்பதிவுகளைத் தேடித் தேடிக் கேட்கிறவர்கள் எத்தனை பேர்! டைகரின் பாணி என்று இன்று காதால் கேட்கக்கூடியதில் பெரும்பங்கு இந்த மாணவர் வழியாக வந்தது. ஒரு கல்லூரி வகுப்பறை காப்பாற்றிய சொத்து அது.

இரண்டாமவர் டாக்டர் எஸ். இராமநாதன் (1917–1988). இவரை நான் இந்தக் கட்டுரையின் நடுப்பொருளாகவே நினைக்கிறேன். சிதம்பரத்தில் சங்கீத பூஷணம் படித்தவர். டைகர், பொன்னையா பிள்ளை போன்றவர்களிடம் நேரே பாடம் கேட்டவர். சென்னையில் மத்திய கருநாடக இசைக் கல்லூரியில் ஆசிரியர். அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்து அங்கேயே பிஎச்.டி. பட்டமும் பெற்றார். ஆராய்ச்சிப் பொருள் என்ன தெரியுமா? சிலப்பதிகாரத்து இசை. பின்பு மதுரை சத்குரு சங்கீத வித்யாலயத்தின் தலைவர். 1985இல் சங்கீத கலாநிதி. பாடுவார், வீணை வாசிப்பார், பண்களைப் பற்றி எழுதுவார், தியாகராஜர் கீர்த்தனையையும் தேவாரத்தையும் ஒரே மரியாதையோடு சொல்லித் தருவார். அடிகள் இசையாசிரியனுக்குச் சொன்ன அமைதியை ஆராய்ந்தவரே அந்த அமைதிக்கு உதாரணமாக இருந்தார். அவரிடம் கற்ற எஸ். சௌம்யா, ஐ.ஐ.டி.யில் வேதியியல் எம்.எஸ்ஸி. படித்தவர், 2019இல் சங்கீத கலாநிதி, பிற்பாடு தமிழ்நாடு இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக நியமிக்கப்பட்டவர். சிதம்பரத்து வகுப்பறை, அங்கிருந்து இராமநாதன், அவரிடமிருந்து அடுத்த தலைமுறை. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியைக் கூட 'மேடையில் தேறாதவர்' என்று கழற்ற முடியாது.

மூன்றாமவர் நம் பம்பாய்க்காரர்களுக்குத் தெரிந்த கே.ஜி. கிண்டே. கர்நாடகத்து பைல்ஹோங்கல் ஊர்ப் பையன். 1936இல், பதினோரு வயதில், லக்னோவுக்குப் போய் ரத்தன்ஜன்கர் வீட்டிலேயே தங்கிக் கற்றார். அதாவது கல்லூரிக்குள்ளேயே ஒரு குருகுலம். பின்னாளில் நம் சயானில் உள்ள வல்லப சங்கீதாலயத்தின் முதல்வராகப் பல்லாண்டு இருந்தார். 1994இல் மறைந்தார். பெரிய மேடைகளில் பெயர் முழங்கியவர் இல்லை. ஆனால் ஒரு பழைய உருப்படியில் சந்தேகம் என்றால் பெரிய பாடகர்களும் போய்க் கேட்கும் இடம் அவருடையது.

இந்த மூவரும் மேடையை இழந்து வகுப்பறைக்கு வந்தவர்கள் இல்லை. வகுப்பறையைத் தொழிலாக ஏற்று, அதற்காக மேடையில் கொஞ்சம் விட்டுக் கொடுத்தவர்கள். இந்த வித்தியாசத்தை எட்டு வரிக் குறிப்பு சொல்லாது. ஏன் என்றால் அந்தக் குறிப்பில் இழப்புக்கும் இடம் இல்லை, கற்பித்தலுக்கும் இடம் இல்லை.

இன்றைய விதியும் அடிகள் விதியும்

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட விதிமுறைகளில் இசைத் துறை உதவிப் பேராசிரியர் வேலைக்கு இரண்டு வாசல் வைத்தது. ஒன்று, முதுகலைப் பட்டமும் தகுதித் தேர்வும். மற்றொன்று மரபுக் கலைஞர்களுக்கு: பேர்பெற்ற குருவிடம் கற்றிருக்க வேண்டும், வானொலியில் 'ஏ' கிரேடு இருக்க வேண்டும், பாடத்தைத் தர்க்கத்தோடு விளக்கும் திறமையும், உதாரணம் காட்டிக் கற்பிக்கும் அறிவும் வேண்டும். அந்த வாசலிலும் ஓர் இளங்கலைப் பட்டம் கேட்டார்கள் என்பது வேறு.

விளக்கும் திறமை என்ற அந்தக் கடைசி நிபந்தனையைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இது அடிகளின் 'கொளுத்துதல்' அல்லவா! ஆனால் மற்றதற்கெல்லாம் காகிதம் இருக்கிறது. குருவுக்குக் கடிதம், வானொலித் தரத்துக்குச் சான்று, பட்டத்துக்குச் சான்று. கொளுத்தும் திறமைக்கு எந்த அலுவலகம் சான்று கொடுக்கும்? வானொலித் தேர்வு பாட்டை நிறுக்கிறது. தகுதித் தேர்வு படிப்பை நிறுக்கிறது. கற்பித்தலை நிறுக்கத் தராசே இல்லை. நிறுக்க முடியாத சரக்கைக் கணக்கில் காட்டாமல் விடுவது வியாபாரத்தில் திருட்டுக்குச் சமம். நிர்வாகத்தில் அதுவே வழக்கமாகிவிட்டது.

இது டில்லியில் இருக்கிறவர்களின் குறை மட்டும் இல்லை. சில வருஷத்துக்கு முன் இந்த நகரத்தின் புறநகர் ஒன்றில் ஓர் அமைப்பு, ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் பாட்டு ஆசிரியர் தேடியது. நான் சும்மா பார்த்துக்கொண்டிருக்கப் போயிருந்தேன். இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் இசையில் எம்.ஏ. படித்த இளம் பெண். மற்றவர் ஓதுவார் வழிப் பெரியவர். தன் வீட்டுத் திண்ணையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு இருபது வருஷமாகப் பண்ணோடு தேவாரம் சொல்லிக் கொடுத்துவந்தவர். இருவரிடமும் சான்றிதழ் கேட்டார்கள். இருவரையும் ஒரு கீர்த்தனை பாடச் சொன்னார்கள். அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைத்தது. அவர் நல்ல ஆசிரியராகவே இருக்கலாம். அந்தப் பெரியவரைவிடவும் நல்ல ஆசிரியராக இருக்கலாம். எனக்குத் தெரியாது, தேர்ந்தெடுத்தவர்களுக்கும் தெரியாது. வெளியே வராந்தாவில் பத்துப் பிள்ளைகள் ஓடி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒன்றைக் கூப்பிட்டு, "இவனுக்கு அஞ்சு நிமிஷம் ஏதாவது சொல்லிக் கொடுங்க, பார்ப்போம்" என்று ஒருவரும் கேட்கவில்லை.

அயலூரில் இருக்கும் நமக்கு இது சாதாரண விஷயம் இல்லை. சென்னையில் ஒரு வாத்தியார் சரியில்லை என்றால் அடுத்த தெருவில் இன்னொருவர் உண்டு. இங்கே டோம்பிவிலியில், செம்பூரில், தாராவியில் இருக்கும் பிள்ளைக்கு ஒரே ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, ஒரே ஆசிரியர். தமிழையே அந்த வகுப்பில் வாயில் வரும் பாட்டின் வழியாகத்தான் பல பிள்ளைகள் உச்சரிக்கப் பழகுகின்றன. அங்கே பருத்திக் குண்டிகை ஒருவர் உட்கார்ந்துவிட்டால், அந்தப் பிள்ளை பாட்டோடு தமிழையும் சேர்த்து விட்டுவிடும்.

மலர்க் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம்

விமரிசனம் செய்கிறவன் மாற்றும் சொல்ல வேண்டும். ஆசிரியர் அறிமுகக் குறிப்பு எழுதுகிறவர்கள் குருவையும் பட்டத்தையும் இரண்டு வரியில் முடித்துவிட்டு, மீதி வரிகளில் நான்கு செய்தி தரட்டும். ஒன்று, இவர் எத்தனை வருஷமாக, எந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறார். இரண்டு, ஒன்றுமே தெரியாமல் வரும் பிள்ளைக்கு முதல் மூன்று மாதம் என்ன செய்கிறார். மூன்று, தன் துறைக்குப் பக்கத்துத் துறை எது இவருக்குத் தெரியும். பாடுகிறவருக்கு மிருதங்கச் சொல் தெரியுமா, வீணைக்காரருக்குப் பாட்டின் பொருள் தெரியுமா. நான்கு, இவரிடம் கற்ற ஒருவர் இன்று எங்கே, யாருக்குச் சொல்லிக் கொடுக்கிறார். அந்த மாணவர் பிரபலமாக இருக்க வேண்டியதில்லை. பேத்திக்குத் தாலாட்டைச் சுருதி பிசகாமல் பாடும் ஒரு பாட்டியாக இருந்தாலும் போதும்.

இந்த நான்கு செய்தியும் எழுத வேண்டுமானால், எழுதுகிறவர் அந்த வகுப்புக்குள் ஒரு தடவையாவது போய் உட்கார வேண்டும். குமாஸ்தா மேஜையிலிருந்து எழுத முடியாது. அதுவே பாதி லாபம். நாம் உட்கார்ந்து கேட்கிறோம் என்று தெரிந்தால் ஆசிரியரும் தன் வேலைக்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்று நினைப்பார். சம்பளத்தைப் பற்றிப் பேசவும் அப்போது நமக்கு வாய் வரும். கற்பித்தலைக் கண்ணால் பார்க்காதவர்கள்தான் மணிக்கணக்குப் போட்டு ஆட்டோக் கூலி மாதிரி சம்பளம் பேசுகிறார்கள்.

அடுத்த ஆண்டு நம் சங்க மலரில் நம்முடைய ஞாயிறு வகுப்பு ஆசிரியர்கள் மூவரின் குறிப்பும் இந்த முறையில் வர வேண்டும் என்று மலர்க் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். எழுத ஆள் இல்லை என்றால் நானே மூன்று ஞாயிறு கடையை மூடிவிட்டு வருகிறேன். கடைசி வரிசையில் ஒரு பாய் போட்டுக் கொடுத்தால் போதும்.